நாளைக்கு என்று சொல்லவில்லை

மோன்ஃபெராக்,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.

மகா வணக்கத்துக்குரிய கர்தினால் அமால்ரிக் ஆண்டகை அவர்களின் சமூகத்துக்கு, காலஞ்சென்ற துரான் வலேத்தின் விதவை ஐக்லினா பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் உயிரோடிருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அவிஞோனில் தங்களுக்கு இருமல் விட்டபாடில்லை என்று, கழுதைகளில் உப்பு ஏற்றி வரும் கஸ்தோன் சொன்னான். கர்தினால்கள் உண்பதற்கு முன் வேறொருவர் ருசிபார்ப்பதால் தங்கள் மேசைக்கு வரும்போது சூப்பு ஆறிவிடுகிறதாம். அதையும் தாங்கள் தனியே அமர்ந்து குடிக்கிறீர்களாம். “பாவம்மா அந்த மனுசன், நம்ம ஊரு நாய்கூட சூடாத்தான் திங்கும்” என்றான். திருச்சபையின் இளவரசரைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்று கண்டித்தேன். ஆனால் இருமல்காரர் ஆறின சூப்பு குடிக்கலாகாது என்பதில் அவன் சொன்னது சரிதான்.

தாங்கள் எனக்கு எழுதியதில்லை. நானும் தங்களுக்கு எழுதியதில்லை. தாங்கள் துலூசுக்குப் படிக்கப் போனது, அங்கேயே சட்டம் கற்பித்தது, பாப்பரசரின் மன்றத்தில் வழக்குக் கேட்க அழைக்கப்பட்டது, ஆயரானது, பிறகு சிவப்புத் தொப்பி வந்தது, எல்லாமே எனக்கு ஊர் வழியாகத்தான் தெரிந்தது. தொப்பி வந்த அன்று இங்கே மணி அடித்தார்கள். எல்லாரும் கோயிலுக்கு ஓடினார்கள். நான் அப்போது சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்பை விட்டு வர முடியவில்லை.

திருமணச் சட்டம் பற்றித் தாங்கள் எழுதிய நூலின் ஒரு பிரதி எங்கள் பங்குச் சுவாமியாரிடம் இருக்கிறது. பிரதி எடுத்தவர் அவசரக்காரர், வரிக்கு வரி பிழை. இரவல் வாங்கி வாசித்து, பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். “கர்தினால் எழுதின புஸ்தகத்துல கை வைக்க நீங்க யாரும்மா?” என்று சுவாமியார் கேட்டார். கன்னியர் மடத்தில் சகோதரி பெர்த்தாவிடம் இலக்கணம் படித்தவள் என்றேன். அவர் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்தார். சகோதரி பெர்த்தாவைத் தங்களுக்கு நினைவிருக்கலாம். வினைச்சொல்லின் காலத்தைத் தப்பாகச் சொன்னால் அன்றிரவு சாப்பாடு கிடையாது என்ற விதியை வைத்திருந்தவர். தாங்கள் மடாதிபதியான தங்கள் மாமாவின் கடிதங்களைக் கொண்டு வரும்போதெல்லாம் தங்களையும் விடாமல் கேள்வி கேட்பார்.

நீதிபதிக்குச் சாட்சிக்காரர் கடிதம் எழுதுவது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். ஃபினாவின் வழக்கு மேல்முறையீட்டில் தங்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக ஒரு சொல்லும் எழுத மாட்டேன். இலக்கணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்குத் தடை இருப்பதாகத் தங்கள் நூலில் நான் காணவில்லை.

ஃபினா என்பவள், கொள்ளைநோய் வந்த ஆண்டில் தெருவுக்கு ஒன்றிரண்டு பேர் மிஞ்சியபோது என் வாசற்படியில் வந்து நின்ற குழந்தை. இப்போது வளர்ந்த பெண். மகள் என்று நான் சொல்வதில்லை. பெறாததைப் பெற்றதாகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. வீட்டில் எங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை.

துணிக்கடைக்காரர் பெலிசேயின் மகன் போன்ஸ், பெந்தெகொஸ்தே வாரத்தில் ஒரு பிற்பகல் எங்கள் முற்றத்தில் துணிக்கட்டை இறக்கி வைத்தான். ஃபினா கொடியில் துவைத்ததைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மாடி ஜன்னலில் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கார்சென்தா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது இது: “ஃபினா, நான் ஒன்ன என் பொஞ்சாதியாக் கட்டிக்கிறேன்.” அவள் ஈரத் துணியைக் கீழே போடாமலே, “நானும் ஒன்ன என் புருசனாக் கட்டிக்கிறேன்” என்றாள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இருமினேன். விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

‘கட்டிக்கொள்கிறேன்’ என்று இருவரும் சொன்னால் அந்த நொடியே அது மணம். குரு வேண்டாம், கோயில் வேண்டாம். ‘கட்டிக்கொள்வேன்’ என்றால் அது வாக்குறுதி மட்டுமே. வேறொருத்தியை மணந்தால் உடைந்துபோகும். தங்கள் நூலின் முதல் அதிகாரமே இதுதான். ஆனால் பெலிசே தம் மகனை அக்கரைச் சாயப்பட்டறைக்காரரின் மகளுக்குப் பேசி முடித்துவிட்டார். ஆயர் மன்றத்தில் போன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, “கட்டிக்குவேன்னுதான் சொன்னேன்” என்றான். அவன் பின்னால் அவன் அப்பா நின்றிருந்தார்.

மன்ற எழுத்தர் வடக்கத்திக்காரர். எங்கள் பேச்சை லத்தீனில் மாற்றி எழுதும்போது, நானும் கார்சென்தாவும் சொன்ன ‘கட்டிக்கிறேன்’ என்பதையும் எதிர்காலத்தில் எழுதிவிட்டார். கடைசியில் வாசித்துக் காட்டினார். நான் எழுந்து, “காலம் தப்பாயிருக்கு” என்றேன். “இல்லியே அம்மணி, மதிய மணி இன்னும் அடிக்கலியே” என்றார். அதைத் திருத்தச் சொல்லி நான் நின்றுகொண்டே இருந்தேன். பெலிசேயின் வக்கீல், “இந்த ஊருல வாரேன்னு சொல்றவன் எவன் அன்னிக்கே வந்திருக்கான்? கட்டிக்கிறேன்னா கட்டிக்குவேன்னுதான் அர்த்தம்” என்றார். மன்றம் சிரித்தது. கார்சென்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவன் சொன்னதக் கேட்டு நான் வாளியையே கிணத்துக்குள்ள விட்டுட்டேன். பின்னால என்னிக்கோ கட்டிக்கப் போறதுக்கா ஒருத்தி வாளிய விடுவா? சாமி, நீங்க ஒங்க சம்சாரத்துகிட்ட எப்படிச் சொன்னீங்க?” என்று நீதிபதிச் சுவாமியாரைக் கேட்டாள். அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். வழக்கு தோற்றது.

இப்போது அது தங்கள் மேசையில் இருக்கிறது. அங்கேயும் தோற்றால், உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் போன்சுக்கு மணம். ஃபினா, நற்செய்தி நூலில் கை வைத்து ‘நான் அவன் மனைவி’ என்று சொன்னவள். ஊர் அவளைப் பொய்க்காரி என்னும். அவள் மனசாட்சியோ வேறொருவரைக் கட்ட விடாது. கன்னியுமில்லை, மனைவியுமில்லை, விதவையுமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்பது பற்றி எனக்கு ஓரளவு தெரியும்.

‘நீதிபதி ஏட்டிலுள்ள சாட்சியைக் கொண்டே தீர்ப்பளிக்க வேண்டும், தன் சொந்த அறிவைக் கொண்டு அல்ல’ என்று தாங்கள் எழுதியிருப்பதை வாசித்தேன். நல்ல விதி. ஆனால் ஏட்டிலுள்ள சாட்சி தப்பான காலத்தில் இருக்கிறது. பாப்பரசரின் மன்றத்தில் இருப்பவர்களில் எங்கள் ஊர்ப் பேச்சைத் தாய்ப்பாலோடு குடித்தவர் தாங்கள் ஒருவரே.

இத்துடன் ஒரு ஜாடி அக்ரூட் எண்ணெய் அனுப்புகிறேன். நெஞ்சில் தடவிக்கொண்டால் இருமலுக்கு நல்லது. பூச்சி விழாமல் மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். கஸ்தோன் வழியில் திறந்திருந்தால் மெழுகு சொல்லிவிடும்.

தங்கள் ஆசியை நாடும்,
காலஞ்சென்ற துரான் வலேத்தின் விதவை,
ஐக்லினா.


மோன்ஃபெராக்,
மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த வாரம்.

மகா வணக்கத்துக்குரிய கர்தினால் ஆண்டகை அவர்களின் சமூகத்துக்கு, காலஞ்சென்ற துரான் வலேத்தின் விதவை ஐக்லினா எழுதிக்கொள்வது.

தங்கள் செயலர் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. கையெழுத்து அழகு. லத்தீனும் பரவாயில்லை. ‘கிறிஸ்துவுக்குள் அன்பான மகளே’ என்று தொடங்கியிருந்தார். தங்களுக்கும் எனக்கும் ஒரே வயது என்பதை அவர் அறியமாட்டார், அறிய வேண்டியதுமில்லை. எண்ணெய் வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறார். தடவிக்கொண்டீர்களா என்று எழுதவில்லை.

முத்திரையை உடைத்தபோது ஃபினா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு லத்தீன் தெரியாது. “என்னம்மா சொல்றாரு? நல்லதா, கெட்டதா?” என்று கேட்டாள். கேள்வி கேட்டிருக்கிறார் என்றேன். “கேள்வி கேட்டா நல்லதுதான, கெட்டதுன்னா கேள்வி எதுக்கு?” என்றாள். சட்டம் படிக்காதவர்களுக்கும் சில சமயம் சட்டம் தெரிகிறது.

இங்கே குளிர் கடுமை. ஓநாய் கல்லறைத் தோட்டம் வரை வந்துவிட்டுப் போனது. அடுப்பு இருக்கும் அறையிலேயே இருவரும் படுக்கிறோம். மற்ற அறைகளை அடைத்துவிட்டேன். அடைப்பதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் போய் நின்று பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை.

அந்த ஊரில் அச்சொல் எக்காலத்தைக் குறிக்கிறது என்பதை, இயன்றால், எடுத்துக்காட்டுகளுடன் விளக்குமாறு செயலர் கேட்டிருக்கிறார். இயலும்.

வக்கீல் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் ஊரில் ‘வாரேன்’ என்பதை மறுநாளுக்கும் சொல்கிறோம். ஆனால் அப்போது ‘நாளைக்கு’ என்று சேர்த்துச் சொல்கிறோம். அந்தச் சொல் இருந்தால் அது நாளை. இல்லாவிட்டால் அது இப்போது. இதில் எங்கள் ஊரில் குழந்தைகூடத் தப்புவதில்லை. போன்ஸ் ‘நாளைக்கு’ என்று சொல்லவில்லை. ‘அறுப்பு முடிஞ்சதும்’ என்றோ, ‘அப்பாவக் கேட்டுட்டு’ என்றோ சொல்லவில்லை.

பொது அடுப்பில் ரொட்டி சுடும் மார்க்கேசா “ரொட்டி தாரேன்” என்றால், ரொட்டி எடுக்கும் துடுப்பு அடுப்புக்குள் போய்விட்டது என்று பொருள். ரொட்டி தீர்ந்திருந்தால் “நாளைக்குத் தாரேன், போ” என்பாள். படகுக்காரர் “விடுறேன்” என்றால் கயிறு அவிழ்ந்துவிட்டது. அடுத்த நடை என்றால் அடுத்த நடை என்றே சொல்வார். இந்த வேறுபாடு தெரியாத வெளியூர்க்காரர்கள் இடுப்புவரை நனைந்திருக்கிறார்கள். எழுத்தரும் ஒருமுறை நனைந்தார். அப்போதும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

என் வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. துரான் நல்ல மனிதர். மாடுகளைத் தவிர யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கொள்ளைநோயில் பிள்ளைகள் இருவரும் முன்னே போய்விட்டார்கள். அவர் படுத்திருந்தபோது நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். “போறேன், ஐக்லினா” என்றார். அவர் ‘நாளைக்கு’ என்று சொல்லவில்லை. எனக்கு இலக்கணம் தெரியும், ஆனாலும் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் சொன்ன காலம்தான் சரியாக இருந்தது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சாட்சிகள் இல்லாததால் இதை ஏட்டில் சேர்க்க முடியாது. இலக்கணத்துக்காக மட்டும் எழுதுகிறேன்.

நெடுங்காலத்துக்கு முன், கன்னியர் மடத்துக்குப் பின்னாலிருக்கும் எண்ணெய்ச் செக்குக் கொட்டகையில், மடத்துக்குக் கடிதம் கொண்டு வந்த ஓர் இளைஞன், அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இதே சொல்லைச் சொன்னான். அக்ரூட் ஆட்டும் பருவம். இருவர் கையிலும் கொட்டைத் தோலின் கறை இருந்தது. அவள் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டதற்கு மேல் ஒன்றுமில்லை. அவன் ‘நாளைக்கு’ என்று சொல்லவில்லை. ‘படிப்பு முடிஞ்சதும்’ என்று சொல்லவில்லை. அந்தக் குளிர்காலமே அவனைப் படிக்க அனுப்பிவிட்டார்கள். கறை போக அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவள் தந்தை அவளை வேறொருவருக்குக் கொடுத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவளுக்குச் சாட்சி ஏது? அவன் சொன்னது நிகழ்காலமா, எதிர்காலமா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். அவனோ மனைவி இருக்கக் கூடாத ஒரு பணியில் ஏறி, மிக உயர்ந்த இடத்துக்குப் போய்விட்டான். ஆகவே எதிர்காலம் என்றே அவன் எண்ணியிருக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். அப்படித் தீர்மானித்தால்தான் அவள் வாழ்ந்த வீடும் வீடு, பெற்ற பிள்ளைகளும் முறையான பிள்ளைகள். அவள் கண்ணியமாக வாழ்ந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது பாவமா, இலக்கணமா என்பது அவளுக்குத் தெளிவாகவில்லை.

ஒரே ஊரில் ஒரே சொல்லுக்கு இரண்டு காலம் இருக்க முடியாது. போன்ஸ் சொன்னது நிகழ்காலமானால் செக்குக் கொட்டகையில் சொன்னதும் நிகழ்காலம்தான். அப்படி எழுதினால் யாருக்கு என்ன சேதம் என்று நீதிபதி எடைபோட நேரலாம். அவர் வசதிக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். அந்தப் பெண்ணின் பக்கத்தில் அதனால் களங்கப்பட இனி யாரும் இல்லை. அவள் வீட்டார் எல்லாரும் கோயிலுக்குத் தெற்கே ஒரே குழியில் இருக்கிறார்கள். அவன் பக்கத்தில் என்ன சேதம் என்பதை அவன்தான் அறிவான். அதைப் பற்றி எதுவும் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. அவள் கேட்கவும் இல்லை.

இது மிரட்டல் அல்ல. மிரட்ட நினைப்பவர்கள் சாட்சி வைத்திருப்பார்கள்.

ஃபினா இந்தக் கடிதத்தில் தன் வணக்கத்தையும் எழுதச் சொன்னாள். “சீக்கிரம் சொல்லச் சொல்லுங்கம்மா. எதுவா இருந்தாலும் சீக்கிரம்” என்றாள். போன்ஸ் கடை வாசலில் அவளைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறானாம். சாயப்பட்டறைக்காரர் மகளுக்குக் கம்பளி மேலங்கி தைத்தாகிவிட்டது என்று கார்சென்தா வந்து சொன்னாள். ஃபினா எழுந்துபோய் விறகு பிளந்தாள். தேவைக்கு மேல் பிளந்துவிட்டாள். அதை வைத்துத்தான் இன்று அடுப்பு எரிகிறது.

சூப்பைக் கொதிக்கக் கொதிக்க இறக்கச் சொல்லுங்கள். ருசிபார்ப்பவர் நாக்கைச் சுட்டுக்கொள்ளட்டும்.

தங்கள் ஆசியை நாடும்,
காலஞ்சென்ற துரான் வலேத்தின் விதவை,
ஐக்லினா.


மோன்ஃபெராக்,
உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு.

மகா வணக்கத்துக்குரிய ஆண்டகை அவர்களுக்கு ஐக்லினா எழுதிக்கொள்வது.

தீர்ப்பு வந்தது. குருத்து ஞாயிறன்று, பெரிய பூசைக்குப் பிறகு கோயிலில் வைத்து வாசித்தார்கள். ஆயர் மன்றத்திலிருந்து அதே எழுத்தர் வந்திருந்தார். லத்தீனில் வாசித்து, பிறகு ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. ஃபினா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன். முழங்கால் அன்று சொன்னபடி கேட்டது.

லத்தீனில் வாசிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் ஊர்ப் பேச்சில் சொல்லும்வரை முகத்தை மாற்றவில்லை. போன்சுக்கும் ஃபினாவுக்கும் நடந்தது மணமே, அது நிலைக்கும், வேறு மணம் கூடாது என்று இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி. எழுத்தர் அங்கே தடுமாறினார். ‘அவ்வூரில் அச்சொல் நிகழ்காலத்தையே குறிக்கும் என்பதை, அவ்வூரில் வளர்ந்து அம்மொழியைப் பேசிய யாம், பிறர் சாட்சியின்றி, எம் சொந்த அறிவால் அறிவோம்; என்றும் அறிந்திருந்தோம்.’

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “இதென்ன கூத்து. நீதிபதி தன் சொந்த அறிவ வச்சுத் தீர்ப்பு எழுதப்படாதே. அவரே புஸ்தகத்துல அப்படித்தானே எழுதியிருக்காரு” என்று சுவாமியாரிடம் முணுமுணுத்தார். “வயசாயிட்டுல்ல” என்றார் சுவாமியார். எனக்கும் அந்த விதி தெரியும். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்றும் தெரியும். வாழ்நாளெல்லாம் அந்த விதியை மற்றவர்களுக்குக் கற்பித்தவர் ஒரே ஒரு முறை அதை மீறியிருக்கிறார்.

அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். “எதுக்கு அம்மணி? ஒங்க பொண்ணுதான் ஜெயிச்சிட்டாளே” என்றார் எழுத்தர். அவர் உச்சரிப்புச் சரியில்லை, வேற்றுமை உருபு விளங்கவில்லை என்றேன். வாசித்தார். அப்போதும் சரியாக உச்சரிக்கவில்லை. அதனால் மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். கூட்டத்தில் யாரோ, “கெழவிக்குக் காது போயிட்டு” என்றார்கள். போகவில்லை.

பெலிசே அப்போதே எழுந்து வெளியே போய்விட்டார். போன்ஸ் தூணோடு தூணாக நின்றிருந்தான். பிறகு வாசலில், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். ஃபினாவைப் பார்க்காமல் என்னிடம், “அம்மா, நான் அப்பவே அதத்தான் சொன்னேன்” என்றான். “என்ன சொன்னே? எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு” என்றேன். “கட்டிக்கிறேன்னு.” “முழுசாச் சொல்லு. யாரு, யார, எப்ப?” கோயில் வாசலில் ஊர் முழுக்க நின்று பார்க்க, அவன் வியர்த்துக்கொண்டே முழு வாக்கியத்தையும் சொன்னான். இம்முறை காலத்தில் பிழையில்லை. ஃபினா, “போன தடவயும் நல்லாத்தான் சொன்ன. நடுவுலதான் ஒனக்கு நாக்கு பொரண்டுபோச்சு” என்றாள். சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அவனை மன்னிப்பதற்கு அவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் தொடங்கிவிட்டாள்.

முதல் வேலையாகக் கார்சென்தா அவனைக் கிணற்றுக்குள் இறக்கி வாளியை எடுக்க வைத்தாள். “ஒனக்குப் பொஞ்சாதி கெடைச்சப்பதான் என் வாளி போச்சு” என்றாள். அவன் பாசி படிந்து மேலே வந்தான். இரும்பு வளையம் துருப்பிடித்திருந்தது. மற்றபடி நல்ல வாளி.

ஃபினா போய்விட்டாள். கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில் குடியிருக்கிறார்கள். தினமும் வருகிறேன் என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சில் அது என்ன காலம் என்று நான் ஆராயவில்லை. நேற்று வந்தாள், இன்று வரவில்லை. வர வேண்டும் என்பதும் இல்லை. அடைத்த அறைகளைத் திறந்துவிட்டேன். வசந்தம் வந்துவிட்டது, காற்று போகட்டும் என்றுதான். திறந்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. பகலில் தைக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. இருமல் வந்தால் அது எனக்காகவே வருவதுதான்.

துரானுக்கு அவர் ஆண்டு நாளில் வழக்கம்போல் பூசை சொல்ல வைப்பேன். பிள்ளைகளுக்கும் அப்படியே. அதில் மாற்றம் ஏதுமில்லை. அவர் தம் பங்குக்கு எந்தத் தப்பும் செய்யவில்லை. பிறருடையதைத் தெரிந்தே அவர் எடுத்துக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது. அவரிடம் அங்கே நானே விளக்கிக்கொள்வேன். பொறுமையாகக் கேட்பார்.

கஸ்தோன் மறுபடி வந்தான். தீர்ப்பு எழுதிய நாளில் தாங்கள் செயலர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதாக, அரண்மனைச் சமையற்காரர் சொன்னாராம். அன்றைய சூப்பைத் தொடவே இல்லையாம். பிறகு அந்த எண்ணெய் ஜாடியைக் கொண்டுவரச் சொன்னீர்களாம். “தடவிக்கத்தான்னு நெனச்சோம். மூடியத் தொறந்து மோந்து பார்த்துட்டு அப்படியே வச்சிருந்தாராம்மா” என்றான். கஸ்தோன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுவது என் வழக்கம். இதில் எந்தப் பாதியைத் தள்ளுவது என்று தெரியவில்லை.

அந்த எண்ணெய் மடத்துச் செக்கில் ஆட்டியது. வேறெங்கும் நான் வாங்குவதில்லை. கொட்டகைக்குக் கூரை மாற்றியிருக்கிறார்கள். உள்ளே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

தங்கள் இருமல் குறையவில்லை, குளிர்காலத்தைத் தாண்டியதே பெரிது என்றும் அவன் சொன்னான். வந்து பாருங்கள் என்று நான் எழுத மாட்டேன். தங்கள் நெஞ்சுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே மலைகள் இருக்கின்றன. பதில் எழுதவும் வேண்டாம். எழுதினால் செயலர் எழுதுவார். அவர் மறுபடியும் மகளே என்பார். எனக்கு வர வேண்டிய பதில் தீர்ப்பிலேயே வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதுவரை எதுவும் கேட்டதில்லை என்பதால் கேட்கத் துணிகிறேன். நம் ஊர்ப் பேச்சைத் தாங்கள் இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது. ஒருநாள் ‘போறேன்’ என்று சொல்ல நேர்ந்தால், தயவுசெய்து ‘நாளைக்கு’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். மறுநாளும் அப்படியே சொல்லுங்கள்.

ஆண்டவர் தங்களைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காப்பாராக. கர்தினாலுக்கு ஆசி கூறும் தகுதி எனக்கில்லை. இந்த ஆசி கர்தினாலுக்கு அல்ல.

கீழே என் பெயருக்கு முன் வழக்கமாக வரும் ஒரு சொல் விடுபட்டிருப்பதாகத் தங்கள் செயலர் எண்ணக்கூடும். நான் எதையும் விடவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஐக்லினா.